வயலின் கம்பியில் ஒரு ஸ்பிரிங்

20-10-1970, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் முழங்கால் தண்ணீர். கடைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சேலையூர் முனிரத்தினம் குடையைச் சுருக்கிக்கொண்டு படியேறினார். அவருடைய பழைய சுவிஸ் வாட்ச், கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. சாவி கொடுத்தால் நிற்கவில்லையாம். விரலை எடுத்ததும் கிர்ரென்று பின்னால் சுற்றிக்கொள்கிறது. "இன்னா சார், எனக்கு முந்தி இது பூடும் போல கீதே" என்று சிரித்தார்.

திறந்து பார்த்தேன். கிளிக் ஸ்பிரிங் உடைந்திருந்தது. சாவி கொடுக்கும்போது கிரிக் கிரிக் என்று கேட்கிறதே, அது ஒற்றைப் பல் ஒன்று சக்கரத்தின் மேல் ஏறி ஏறி விழும் சத்தம். உள்ளே இருக்கும் பெரிய சுருளை இறுக்க விடும், பின்னால் அவிழ விடாது. அந்தப் பல்லை முதுகில் தள்ளிப் பிடித்திருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. அது போனால் இறுக்கியது எல்லாம் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும்.

இந்த மாடலுக்குப் பொருத்தமான ஸ்பிரிங் மூர் மார்க்கெட்டில் தேடினால்தான் உண்டு. மழையில் யார் போவது. சர்ச் பாடகர் குழுவின் வயலினில் அறுந்துபோன கம்பி டிராயரில் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, சூடு காட்டி, வளைத்து உட்கார வைத்தேன். நுனியை உள்பக்கமாகக் கொக்கி மாதிரி மடிப்பது என் பழக்கம். வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. நன்றாக வந்தது.

போகும்போது வாரில் இன்னொரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னார். மணிக்கட்டில் வாட்ச் சுழல்கிறதாம். போட்டுக் கொடுத்தேன்.

1-11-1970, ஞாயிறு

ஆராதனைக்குக் குடையோடு போய் நனைந்தே திரும்பினோம். மகள் யூனிஸுக்கு ஜலதோஷம்.

6-11-1970, வெள்ளி

முனிரத்தினம் செத்துப்போனார்.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரம், பெருங்களத்தூர் பக்கத்து ரயில்வே கேட்டருகே. மழைச் சத்தத்தில் எக்ஸ்பிரஸ் வந்தது காதில் விழவில்லை என்கிறார்கள். கூட இருந்த அவர் தம்பி மகன் சிட்டிபாபுதான் தூக்கி வந்தானாம்.

இன்று போய்த் துக்கம் விசாரித்தேன். கங்கையம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் சிட்டிபாபு. மொட்டைத் தலையோடு தூணில் சாய்ந்து நின்றவன், நான் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை.

12-11-1970, வியாழன்

கங்கையம்மாள் கடைக்கு வந்தார்.

"சார், எங்க வூட்டுக்காரரு வாட்ச்சை உங்ககிட்ட வுட்டுட்டுப் போனாரா?"

இல்லை என்றேன். போன மாதமே வாங்கிப் போய்விட்டாரே.

"அன்னிக்கிக் காலைல கட்டிக்கினுதான் போனாரு. கைல இல்ல. எவனோ பொணத்துல இருந்து கழட்டிக்கினு பூட்டான் சார். இல்ல, அதுக்கோசரம்தான் அவரத் தள்ளிட்டானுங்களோ இன்னாவோ."

போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "கெடைச்சா காட்டுங்க சார். இந்த ஊர்ல வாட்ச்சுன்னா உங்ககிட்டதான வரணும்."

சரி என்று தலையாட்டினேன். வாக்குக் கொடுக்கும்போது பயம் தெரிவதில்லை.

24-11-1970, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

சிட்டிபாபு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு வாட்ச்சை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். கறுப்பு டயல், புது ஸ்டீல் கேஸ், பச்சை நிற வார். "தண்ணி பூந்துகிச்சி சார். ரெண்டு எடத்துல குட்து பாத்தேன். ஒரு நாள் ஓடுது, நின்னுடுது." நாளை மறுநாள் பார்க்கலாம் என்றேன். போய்விட்டான்.

பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸை வைத்தேன். சாவித் தண்டு முழுக்கத் துரு. சுருள் டப்பாவின் ஓரத்தில் துரு. அதற்குப் பக்கத்தில் கிளிக், அந்த ஒற்றைப் பல். அதன் முதுகில் என் ஸ்பிரிங். நுனி உள்பக்கம் கொக்கியாக மடிந்து, வயலின் கம்பியின் மினுக்கம்கூடப் போகாமல்.

முகத்தை மாற்றிவிட்டான். சட்டையை மாற்றிவிட்டான். உள்ளே இருப்பது முனிரத்தினத்தின் வாட்ச்.

மூடியை மூடினேன். மறுபடி திறந்தேன். அதேதான். டிக் டிக் என்று ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் தண்டு முனைகள் ஒடியாமல் நேராக இருந்தன. தொட்டால் தட்டுத் தடுமாறி ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடையில் யாரோ இருமினால்கூட உடம்பு தூக்கிப் போட்டது.

25-11-1970, புதன்

தூக்கமில்லை. பக்கத்தில் படுத்திருந்த ரத்தினபாய் என்ன ஆச்சு என்று கேட்டாள், வயிற்று வலி என்றேன்.

முனிரத்தினத்துக்கு வாரிசு யார்? சிட்டிபாபு. கேம்ப் ரோடு ஓரத்தில் அவருக்கு இருந்த நிலத்தை மனை போட்டு விற்கக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், பெரியவர்தான் மறுக்கிறார் என்று ஊரே பேசியதே. மழை, இருட்டுகிற நேரம், தண்டவாளம், கூட ஒரே ஒரு ஆள். கூட இருந்தவன் சொன்னதுதானே நமக்குத் தெரியும்?

ஆண்டவரே, அவன் ஏன் என் கடைக்கு வந்தான்.

27-11-1970, வெள்ளி

வந்தான். "ரெடியா சார்?"

பேலன்ஸ் தண்டு உடைந்திருக்கிறது, சாமான் மவுண்ட் ரோடிலிருந்து வரவேண்டும் என்று பொய் சொன்னேன். பொய் சொல்லும்போது மேஜைத் துணியைத்தான் பார்த்தேன்.

"தொறந்து பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"உள்ள எல்லாம் நல்லாக் கீதா?"

இதற்கு என்ன அர்த்தம்? துரு இருக்கிறது என்றேன். கண்ணாடி மேல் கையை ஊன்றியபடி நின்றான். லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. ஒரு ஆளை ஒரே தள்ளில் தள்ளிவிடக்கூடிய கை. நகர்கிற மாதிரி இல்லை. பிறகு திடீரென்று, "உங்க பொண்ணுதான சார், செவப்பு சைக்கிள்ல போவுது? மழையில ரோடு மோசமாக் கீது. பாத்துப் போவச் சொல்லுங்க" என்றான்.

அவன் போன பிறகு வாட்ச்சை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இது அக்கறையா, மிரட்டலா? நாளை முதல் யூனிஸ் சைக்கிளில் போகவேண்டாம். பஸ்ஸில் போகட்டும்.

30-11-1970, திங்கள்

யூனிஸ் பஸ்ஸில் போகமாட்டேன் என்று அழுதாள். ரத்தினபாய் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்ன விஷயம்னு சொல்லுங்க. வயித்து வலின்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற குரல். எல்லாம் சொல்லிவிட்டேன்.

எழுந்து போய் யூனிஸ் தூங்குகிறாளா என்று பார்த்து வந்தாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"அவன் என்னை சும்மா விடுவானா?"

"அவங்க வீட்டுக்காரர் செத்திருக்கார். நாம பயந்தா அது பொய்யாயிடுமா? அவங்ககிட்ட கிடைச்சா காட்டுறேன்னு சொன்னது நீங்கதானே?"

அவள் சொல்வது சரிதான். சரியாக இருப்பதால் பயம் குறையவில்லை.

2-12-1970, புதன்

சொல்லிவிட்டேன். பாதிதான் சொன்னேன்.

கங்கையம்மாள் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கடையோரம் மழைக்கு ஒதுங்கினார். உள்ளே கூப்பிட்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் வாட்ச் என்கிட்ட வந்திருக்கு" என்றேன். பை கையிலிருந்து நழுவிக் கத்தரிக்காய் உருண்டது. அவர் அதைப் பொறுக்கவில்லை.

"யார் குட்தாங்க?"

சொல்லவேண்டியது சிட்டிபாபு என்ற ஐந்தெழுத்து. அந்த அம்மாவுக்கு மிச்சம் இருக்கிற ஒரே மனிதன் அவன்.

"டயல் மாத்தியிருக்கு. உள்ளே நான் செஞ்ச ஸ்பிரிங் இருக்கு, அதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். யாருன்னு... போலீஸ் முன்னால சொல்றேன்."

"சனிக்கெழம ஏட்டைக் கூட்டிக்கினு வர்றேன்" என்றார். அழவில்லை. கண் காய்ந்துபோயிருந்தது. அவர் போன பிறகு கத்தரிக்காய்களைப் பொறுக்கிப் பெஞ்சில் வைத்தேன்.

அவனுக்கு இந்நேரம் தெரிந்திருக்குமோ? ஒரே வீடுதானே.

3-12-1970, வியாழன்

வந்துவிட்டான். விளக்கு வைக்கிற நேரம். மழை கொட்டுகிறது, தெருவில் ஆள் இல்லை. உள்ளே வந்தவன், சாரல் அடிக்கிறது என்று கதவுப் பலகை ஒன்றை அவனே எடுத்து மாட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். மேஜைக்கு அடியில் சின்னச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்சுக்கு ஆணி தட்டுகிற சுத்தியல். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"பெரிம்மா சொல்லிச்சி" என்றான். "வாட்ச் உங்க கடைல கீதுன்னு. யார் குட்தாங்கன்னு மட்டும் நீங்க சொல்லலியாமே."

சுத்தியலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"டயல மாத்திட்டா போதும்னு நெனச்சிட்டேன் சார். உள்ள கீறத யார் பாக்கப்போறான்னு."

அப்புறம் அவன் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

அன்று அவர்கள் இருவரும் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். பெரியவருக்கு வயிற்றில் கட்டி. பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்திருக்கிறார். கங்கையம்மாளுக்கு எதுவும் தெரியாது. தாம்பரத்தில் இறங்கியதும், வீட்டுக்கு இப்போது வேண்டாம், பெருங்களத்தூரில் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்று தண்டவாளத்தோரம் கூட்டிப் போயிருக்கிறார்.

"கேட்டாண்ட மழை ஜாஸ்தியா வந்துச்சி. வாட்ச்சக் கழட்டி என் கைல குட்தாரு. 'இது நனையக்கூடாது, நீ கேட்காரன் குடிசைல ஒதுங்கு, பின்னாடியே வர்றேன்'னாரு. நானும் போய் நின்னேன் சார். நின்னுகினே இருந்தேன்."

அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆக்சிடெண்ட்னா கைல வாட்ச் இருந்திருக்கணும் இல்ல? கழட்டிக் குட்துட்டுப் போனாருன்னு தெரிஞ்சா பெரிம்மாக்கு எல்லாம் தெரிஞ்சிபூடும். வேணும்னே தன்னை வுட்டுட்டுப் போனாருன்னு அது நெனைக்கும். சாவற வரைக்கும் நெனைச்சிகினே இருக்கும். அதான் மறைச்சேன். தூக்கிக்கினு வரச்சொல்ல என் பையில இருந்து நனைஞ்சி நின்னுபூட்ச்சி. தூக்கிப் போடவும் மனசு வரல. நின்னதப் பாத்துகினு இருக்கவும் முடியல."

"சனிக்கிழமை போலீஸ் வருதே" என்றேன்.

"வரட்டும். என்ன உள்ள தள்ளினாலும் தள்ளட்டும். திருடினேன்னு வேணா சொல்றேன். பெரிம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க சார்."

பலகையைக் கழற்றி வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனான். சுத்தியல் என் கையிலேயே இருந்தது.

4-12-1970, வெள்ளி

நம்புவதா, வேண்டாமா?

காலையில் வாட்ச்சை முழுக்கப் பிரித்தேன். பேலன்ஸ் தண்டின் இரண்டு முனைகளும் ஒடியவில்லை. அவை ஊசி முனையைவிட மெல்லியவை. இது பழைய வாட்ச், அடி தாங்குகிற ஏற்பாடு எதுவும் கிடையாது; மேஜையிலிருந்து விழுந்தாலே ஒடியும். எக்ஸ்பிரஸ் மோதிய கையில் இருந்திருந்தால் மிஞ்சியிருக்காது. ஆக, மோதும்போது வாட்ச் அவர் கையில் இல்லை. முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவன் கைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முன்னாலேயே பிடுங்கிக்கொண்டு தள்ளியிருந்தாலும் முனை ஒடியாதுதான். இதுவும் பாதிச் சாட்சி.

மற்றப் பாதி? அன்று அவர் உடம்பில் சட்டை தொளதொளத்தது. வாரில் நான் போட்ட ஓட்டை. எனக்கு முந்தி இது போய்விடும் என்று சிரித்தது. அப்போது சிரிப்பாகத்தான் கேட்டது.

ரத்தினபாயிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல."

"அந்தம்மாவுக்குத் தெரியாமலே இருக்கணும்னு முடிவு பண்ண நாம யாரு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சே ஆகணும்னு சொல்லவும் நாம யாரு" என்றாள். பள்ளிக்கூடக் குரல் எங்கே போயிற்றோ.

கடையைப் பூட்டிவிட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து மூர் மார்க்கெட் போனேன். பழைய வாட்ச் கூடு விற்கிறவனிடம் அதே மாடலில் செத்த மிஷின் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தேன். என் ஸ்பிரிங்கை நெம்பி எடுத்து அதை உட்கார வைத்தேன். துருவைச் சுரண்டி, எல்லாச் சக்கரத்தையும் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து மாட்டினேன். சாவி கொடுத்தேன். ஓடியது. இப்போது இது யாருடைய வாட்ச்சாகவும் இருக்கலாம்.

வயலின் கம்பித் துண்டு இடுக்கியின் நுனியில் இருந்தது. வாசல் சாக்கடையில் போட்டேன். மழைத்தண்ணீர் இழுத்துப் போயிற்று.

நான் செய்தது சாட்சியை அழித்த குற்றம். இதையும் எழுதிவைக்கிறேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா?

5-12-1970, சனி

வந்தார்கள். ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். கங்கையம்மாள் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்குத் தப்பாத் தெரிஞ்சுடுச்சு" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அன்னைக்கு வெளிச்சம் இல்லை. நான் செஞ்ச ஸ்பிரிங்னு நினைச்சேன். இப்ப கழுவிப் பார்த்தா கம்பெனி ஸ்பிரிங்."

லென்ஸை ஏட்டிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒரே பொட்டு பொட்டா கீது. ஒன்னும் பிரியல." லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "யாருது இந்த வாட்ச்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்து வைக்கவே இல்லை. இத்தனை யோசித்தவன் அதை யோசிக்கவில்லை. சக்கரங்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கங்கையம்மாள் கையை நீட்டி வாட்ச்சை எடுத்தார். பார்க்கவில்லை. காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டில் பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கிவிட்டு, கிளம்பிப் போயிற்று. அதுவரை காதிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு கண்ணாடி மேல் மெதுவாக வைத்தார்.

"இது அவருது இல்ல" என்றார். "வாங்க ஏட்டையா, போலாம்."

"இன்னாமா, வேலை வெட்டி இல்லாம இட்டுகினு வந்தியா? பேஜாரு புட்ச்ச கேஸு" என்று முணுமுணுத்தபடி ஏட்டு எழுந்தார். என்னை ஒரு முறை முறைத்தார்.

அவர்கள் போன பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

7-12-1970, திங்கள்

சிட்டிபாபு வந்து வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டான். படியிறங்கும்போது திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டான். யாராவது பார்க்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

14-1-1971, வியாழன்

பொங்கல். சேலையூரிலிருந்து கரும்பு வரும் வழக்கம், இந்த வருஷம் இல்லை. துக்க வீடு.

காக்கிச் சட்டை தெருவில் போனால் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறேன். யூனிஸ் மறுபடி சைக்கிளில் போகிறாள். அவள் திரும்பி வருகிறவரை வாசலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அவன் சொன்னது பொய்யாக இருந்தால்? கொலைகாரனுக்கு நான் துணை போயிருந்தால்? ஜெபத்தில் இதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. ரத்தினபாய் மட்டும், "நீங்க அவன் முகத்தைப் பார்த்துத்தானே முடிவு பண்ணீங்க? அதை நம்புங்க" என்கிறாள்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனைப் போலவே நானும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

9-3-1971, செவ்வாய்

சிட்டிபாபு கேம்ப் ரோடு நிலத்தை விற்கவில்லையாம். வேர்க்கடலை போட்டிருக்கிறான் என்று கேள்வி.

17-4-1971, சனி

வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் கங்கையம்மாள் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். என் கையிலிருந்த இடுக்கி மேஜையில் விழுந்தது.

செங்கல்பட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம், வண்டிக்கு நேரம் இருக்கிறதாம். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி குடித்து, மிச்சத்தில் முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிட்டிபாபு வாட்ச் கட்டிக்கினு கீறானே, பாக்கறீங்களா?"

"பார்க்கறேன்மா."

"அவனுக்கு சாவி குடுக்கத் தெரியல சார். நெனைச்சா குடுக்கறான், இல்லன்னா வுட்டுடறான். போன வாரம் ரெண்டு நாளு நின்னே கெடந்துச்சி. அவரு காலைல பல்லு வெளக்கினதும் குடுப்பாரு. ஒரு நாளும் தப்பினதில்ல."

விழுந்த இடுக்கியை எடுத்துத் துணியில் துடைத்தேன்.

ஸ்டேஷனில் மணி அடித்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

"நீங்க சொல்லுங்க சார் அவன்கிட்ட. காலைல குடுக்கணும்னு. நான் சொன்னா பயந்துக்குவான்."

"சொல்றேன்மா."

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.